பட்டியலில் விடுபட்ட பேரெண்

(வேப்பம்பட்டில் தொழிலாளரும் மாணவரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

இப்பொழிவின் பொருள் ஓர் எண். வேந்தரைப் பற்றியும் புலவரைப் பற்றியும் பேசக் கேட்ட அவைக்கு, ஒரே ஓர் எண்ணைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்னும் ஐயம் எழலாம். அவ்வெண் இது: 293318625600. நம் வழக்கிற் படித்தால், இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலக்கத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. பன்னிரண்டு இலக்கம் கொண்ட இவ்வெண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. உலகம் போற்றும் தமிழ்நாட்டுக் கணக்கறிஞர் ஒருவரின் பட்டியலில் இடம்பெற வேண்டியிருந்தும் இடம்பெறாமற் போன எண் இது.

ஈரோட்டிற் பிறந்து குடந்தையில் வளர்ந்த இராமானுசன், 1915ஆம் ஆண்டில் இலண்டன் கணக்கியற் கழகத்தின் இதழில் ஒரு நெடுங்கட்டுரை வெளியிட்டார். ஒருவகை எண்களை வரிசைப்படுத்தி, இரண்டில் தொடங்கி 6746328388800 வரை, 102 எண்களை அதில் அவர் பட்டியலிட்டார். அன்று கணிப்பொறி இல்லை. தாளும் எழுதுகோலும் தம் அறிவுமே அவர்க்குக் கருவிகள். அத்துணை நெடிய பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டது. அதுவே மேலே சொன்ன எண். அது எந்தக் குடியைச் சார்ந்தது, அதன் உள்ளமைப்பு யாது, அது விடுபட்டதிலிருந்து தமிழர் கற்க வேண்டியது யாது என்னும் மூன்றையும் ஆராய்வதே இப்பொழிவின் நோக்கம்.

முதலில் எண்களின் குடிகளைக் காண்போம். தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண். 2, 3, 5, 7, 11, 13 என அவை செல்லும். ஏனையவை பகு எண்கள். ஓர் எண்ணை மீதியின்றி வகுப்பன அதன் வகுத்திகள். 12ஐ எடுத்துக்கொள்க. 1, 2, 3, 4, 6, 12 என அதற்கு ஆறு வகுத்திகள். 13க்கோ இரண்டே. எண் பெரிதாயின் வகுத்தியும் மிகும் என்று கருதினால் அது பிழையென்பது இதனால் விளங்கும்.

இனி, தன்னினும் சிறிய எல்லா எண்களையும் விட மிகுதியான வகுத்திகளை உடைய எண்கள் சில உள. 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என அவை தொடங்கும். 60க்குப் பன்னிரண்டு வகுத்திகள். அதனினும் சிறிய எதற்கும் பன்னிரண்டு இல்லை, 48க்கும் பத்தே. எனவே 60 இக்குடியைச் சார்ந்தது. 96க்கும் பன்னிரண்டு வகுத்திகள் உள்ளன. ஆயின் அதனினும் சிறிய 60 அவ்வளவை முன்னரே எட்டிவிட்டமையால், 96 இக்குடிக்கு உரியதன்று. இவ்வெண்களுக்குத் தமிழில் மிகுபகு எண் எனப் பெயரிடலாம். மிகுதியாகப் பகுபடுவது என்பதே அதன் இயல்பு; பெயரும் அதனையே சொல்லும்.

இஃது ஏட்டுக் கணக்கன்று, வாழ்க்கைக் கணக்கு. வேப்பம்பட்டு நிலையத்தில் விடியலில் வண்டியேறி, கிழக்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் மேற்கே திருவள்ளூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் செல்வோர் இதனை உடம்பால் அறிந்தவர்கள். ஒரு நாளின் 24 மணி நேரத்தை மூன்று முறைப் பணியாகப் பிரித்தால் ஒவ்வொரு முறைக்கும் எட்டு மணி நேரம். இரண்டாகப் பிரித்தால் பன்னிரண்டு. நான்காகப் பிரித்தால் ஆறு. ஒரு நாளுக்கு 25 மணி நேரம் என்று வைத்திருந்தால் மூன்று முறைப் பணி முழு மணிக்கணக்கில் அமையாது. நாளை 60 நாழிகையாகப் பகுத்த தமிழ் மரபும், வட்டத்தை 360 பாகையாகப் பகுத்த பாபிலோனியர் வழிவந்த மரபும் மிகுபகு எண்களையே கையாண்டன. ஒரு மணிக்கு 60 மணித்துளி என்பதும் அவ்வழிப்பட்டதே.

பட்டறையிற் பற்சக்கரம் வெட்டுவோர் இன்னும் தெளிவாக அறிவர். இண்டெக்சிங் என்று அவர்கள் வழங்கும் வேலையில், கைப்பிடியை நாற்பது முறை சுற்றினால் வேலைப்பொருள் ஒருமுறை சுற்றும். 24 பற்கள் வேண்டின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒன்றே மூன்றில் இரண்டு சுற்று. 18 துளைகள் உள்ள வட்டத்தில் ஒரு சுற்றும் 12 துளையும் நகர்த்தினால் வேலை முடிந்தது. மூன்றாற் பகுபடும் துளைவட்டம் எதுவும் இதற்கு உதவும். 23 பற்கள் வேண்டின் அவ்வாறு ஆகாது. 23 என்பது பகா எண். அது 40ஐயும் வகுக்காது, 18ஐயும் வகுக்காது. ஆதலால் துளைத்தட்டில் 23 துளைகளுக்கென்றே தனி வட்டம் இட்டிருப்பர். 17க்கும் 19க்கும் அவ்வாறே. பகா எண்ணின் பிடிவாதத்தை ஓர் இரும்புத் தட்டின் முகத்திற் காணலாம். அந்த 23 மீண்டும் வரும், நினைவிற் கொள்க.

ஓர் எண்ணின் வகுத்திகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிராமல் ஒரே அடியில் அறியும் வழி ஒன்று உண்டு. எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதுக. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ, அவ்வெண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுக. கிடைத்தவற்றைப் பெருக்குக. 12 என்பது 2 × 2 × 3. இரண்டு இருமுறை, ஒன்று கூட்ட மூன்று. மூன்று ஒருமுறை, ஒன்று கூட்ட இரண்டு. மூன்றும் இரண்டும் பெருக்க ஆறு. முன்னர் எண்ணிக் கண்டதும் ஆறே.

இம்முறையால் விடுபட்ட எண்ணைப் பிரித்துக் காண்போம்.

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்ட 7, 5, 3, 3, 2, 2, 2, 2. இவற்றைப் பெருக்கினால் 5040. ஆகவே இவ்வெண்ணுக்கு வகுத்திகள் 5040. ஒன்று முதல் இருபத்திரண்டு வரை எந்த எண்ணாலும் இது மீதியின்றி வகுபடும். இருபத்து மூன்றில்தான் முதன்முதலாகத் தடைப்படும்.

இதன் அடுக்குகள் இறங்குவரிசையில் இருப்பதை நோக்குக. மிகுபகு எண்கள் யாவற்றுக்கும் இதுவே இலக்கணம். காரணம் எளிது. 18 என்பது 2 × 3 × 3, வகுத்திகள் ஆறு. இரண்டும் மூன்றும் தம் அடுக்குகளை மாற்றிக்கொண்டால் 2 × 2 × 3, அதாவது 12. வகுத்திகள் அதே ஆறு. சிறிய பகா எண்ணுக்கு மிகுதியான அடுக்கைக் கொடுத்தால் வகுத்தி குறையாமல் எண் குறையும். எனவே பெரிய பகா எண் சிறியதனினும் மிகுதியாக அடுக்கிய எண், மிகுபகு எண் ஆகாது. வரிசையின் இறுதியில் நிற்கும் பகா எண்ணின் அடுக்கு எப்பொழுதும் ஒன்றே என்றும், 4, 36 ஆகிய இரண்டே இதற்கு விலக்கு என்றும் இராமானுசன் நிறுவினார். விதியும் விலக்கும் கூறும் இம்முறை இலக்கணம் பயின்றோர்க்குப் புதிதன்று.

இனி, பட்டியலில் இவ்வெண்ணின் இடத்தைக் காண்க. இதற்கு முன்னுள்ள மிகுபகு எண் 240940299600. அது 2⁴ × 3⁴ × 5² என்பதனோடு 7 முதல் 23 வரையுள்ள பகா எண்களை ஒவ்வொரு முறை பெருக்கியது, வகுத்திகள் 4800. பின்னுள்ள மிகுபகு எண் 321253732800. அது 2⁶ × 3³ × 5² என்பதனோடு அதே பகா எண்களைப் பெருக்கியது, வகுத்திகள் 5376. இரண்டும் 23ஐ உடையவை. இடையில் நிற்கும் நம் எண்ணிலோ 23 இல்லை. முன்னுள்ள எண்ணிலிருந்து 23ஐ நீக்குக. வகுத்திகள் பாதியாகி 2400 ஆகும். இரண்டின் அடுக்கை நான்கிலிருந்து ஆறாக்குக. ஐந்து ஏழாக, 3360 ஆகும். ஏழின் அடுக்கை ஒன்றிலிருந்து இரண்டாக்குக. இரண்டு மூன்றாக, 5040 ஆகும். எண்ணின் அளவோ 23ஐ இழந்து 28ஐப் பெற்றமையால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே உயர்ந்தது. முன்னே ஏறிய ஒரு படியிலிருந்து இறங்கி, வேறொரு வழியாக மேலேறிய எண் இது.

இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. இராமானுசன் பட்டியலின் இறுதியில் நிற்கும் 6746328388800 என்னும் எண்ணை 23ஆல் வகுத்துப் பார்க்க. ஈவு 293318625600, மீதி சுழி. விடுபட்ட எண்ணின் இருபத்து மூன்று மடங்கே பட்டியலின் கடைசி எண். அதன் வகுத்திகளும் 5040இன் இருமடங்காகிய 10080. இடையில் விடுபட்டது இறுதி வரியின் உள்ளே முழுவதுமாக அடங்கிக் கிடந்தது.

ஓர் எண் ஒரு குடிக்கு மட்டும் உரியதன்று. நம் எண்ணை வேறு உரைகற்களிலும் உரைத்துப் பார்ப்போம். தன்னை விலக்கிய ஏனை வகுத்திகளைக் கூட்டினால் தன்னையே தரும் எண் நிறை எண். 6 அத்தகையது: 1, 2, 3 கூட்டினால் 6. 28உம் அத்தகையது. கூட்டுத்தொகை குறையின் குறை எண். மிகின் மிகை எண். நம் எண்ணுக்கு அத்தொகை 1348924389120. அது தன்னைப்போல் நான்கரை மடங்குக்கும் மேற்பட்டது. எனவே இது மிகை எண்.

வகுத்திகளின் எண்ணிக்கையைப் பாராமல் அவற்றின் கூட்டுத்தொகையைப் பார்த்து எண்களைத் தரம் பிரிப்பது மற்றொரு வழி. குற்றாலத்தையடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை இவ்வழியில் நடந்தவர். தன்னினும் சிறிய எல்லா எண்களையும் விட மிகுதியான வகுத்தித் தொகை உடைய எண்களை ஒரு குடியாக வகுத்து 1943இல் எழுதினார். 1950இல் அமெரிக்காவில் நிகழவிருந்த அனைத்துலகக் கணக்கறிஞர் பேரவைக்குச் செல்லும் வழியில், கெய்ரோவை அடுத்து நேர்ந்த வானூர்தி விபத்தில் அவர் மறைந்தார். இராமானுசனை அறிந்த தமிழ்நாடு இவரை அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

தொகையை எண்ணால் வகுத்துவரும் மடங்கைக் கொண்டு தரம் பிரிப்பது மூன்றாம் வழி. அலாவ்குலு, எர்தோசு என்னும் இருவர் 1944இல் அதனை விரித்தெழுதினர். தன்னையும் சேர்த்து எண்ணினால் நம் எண்ணின் வகுத்தித் தொகை அதனைப்போல் ஏறத்தாழ 5.60 மடங்கு. அதனினும் மிகச் சிறிய 160626866400 என்னும் எண்ணுக்கோ அம்மடங்கு ஏறத்தாழ 5.65. ஆகவே இம்மூன்றாம் தேர்வில் நம் எண் தோற்றுவிட்டது. வகுத்திகளின் எண்ணிக்கையால் முதல்வன். தொகை மடங்கால் முதல்வன் அல்லன். ஓர் உரைகல்லில் பொன்னாவது மறு உரைகல்லிலும் பொன்னாக வேண்டும் என்பது இல்லை. மாணவரைத் தரம் பிரிப்போர் இதனை உளங்கொள்ள வேண்டும்.

நான்காவதாக ஒரு குடி. மராட்டிய மாநிலத்துத் தேவலாலியிற் பள்ளி ஆசிரியராயிருந்தவர் கப்ரேகர். தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு அவர் தனிப்பெயர் இட்டார். நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 45. அது 9 × 5. நம் எண்ணில் மூன்றும் ஐந்தும் போதிய அடுக்கில் இருத்தலால் 45ஆல் வகுபடும். இராமானுசன் பெயரோடு இணைந்த 1729உம் இக்குடியினதே: இலக்கத் தொகை 19; 19 × 91 = 1729. இரண்டு மும்மடிகளின் கூட்டலாக இருவகையில் எழுதத்தக்க எண்களுட் சிறியது 1729 என்று ஆர்டியிடம் அவர் மருத்துவமனையிற் கிடந்தவாறு கூறிய செய்தி நாடறிந்தது.

இங்கே நுண்ணிய வேறுபாடு ஒன்று உண்டு. இலக்கத் தொகை என்பது பத்தின் அடிப்படையில் எழுதுவதாற் பிறக்கும் பண்பு. பன்னிரண்டின் அடிப்படையில் எழுதினால் அத்தொகை மாறும். அப்பண்பு நீங்கவும் கூடும். வகுத்திகள் 5040 என்பதோ எவ்வடிப்படையில் எழுதினும் மாறாது. தமிழ் எண்ணுருவில் எழுதினும், உரோமர் எழுத்தில் எழுதினும், கூழாங்கற்களாகக் குவித்து வைத்தாலும் அது மாறாது. முன்னது உடையின் பண்பு. பின்னது உடலின் பண்பு. இனத்தையும் மொழியையும் பற்றிப் பேசுவோரும் உடை எது, உடல் எது என்று தெளிதல் வேண்டும்.

5040 என்னும் அவ்வெண்ணிக்கையும் ஒரு மிகுபகு எண்ணே. ஒன்று முதல் ஏழு வரை பெருக்கினால் வருவது அது, வகுத்திகள் 60. கிரேக்கப் பேரறிஞர் பிளேட்டோ தம் சட்டங்கள் என்னும் நூலில், தாம் கருதிய நகரத்தில் நிலமுடைய குடிகள் 5040 இருத்தல் வேண்டும் என்றார். வரியானாலும் நிலமானாலும் பங்கிட எளிது என்பதே அதற்கு அவர் காட்டிய காரணம். 1984இல் இராபின் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதே எண்ணை வேறோர் எல்லையில் நிறுத்தினார். ஓர் எண்ணின் வகுத்தித் தொகைக்கு மடக்கை வழி ஒரு வரம்பு உண்டு. 5040 அவ்வரம்பை மீறுகிறது. அதற்கு மேற்பட்ட எவ்வெண்ணும் மீறாது என்பது மெய்யானால், 1859இல் இரீமன் கூறிய கருதுகோளும் மெய். ஓர் எண்ணேனும் மீறினால் அக்கருதுகோள் பொய் என்று அவர் நிறுவினார். அக்கருதுகோள் இன்றும் நிறுவப்படாமலே நிற்கிறது. நம் எண்ணின் மடங்கு 5.60, அதற்குரிய வரம்பு ஏறத்தாழ 5.83. வரம்புக்குள் அடங்கியே நிற்கிறது.

இவ்வாராய்ச்சிக்கும் வித்து இராமானுசன் இட்டதே. 1915இல் இலண்டன் கணக்கியற் கழகம் பொருள் நெருக்கடியில் இருந்தமையால் அவர் கட்டுரையின் பிற்பகுதி அச்சேறவில்லை. அது 1988இல் அவருடைய தொலைந்த குறிப்பேட்டோடு வெளிவந்தது. 1997இல் நிக்கோலா, இராபின் ஆகிய இருவர் விளக்கக் குறிப்போடு மீண்டும் வெளியிட்டனர். தொகைக்குரிய வரம்பை அப்பகுதியில் அவர் முன்னரே தொட்டிருந்தார். எழுதியது அச்சேற எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இனி மூன்றாம் வினாவுக்கு வருவோம். இதிலிருந்து தமிழர் கற்பது யாது?

விடுபட்டதைச் சொல்வது இராமானுசன் புகழுக்கு இழுக்கு என்பார் உளர். புகழ்பாடும் கூட்டங்களில் இச்செய்தி வெளிவருவதே இல்லை. ஆயின் எண்ணிப் பார்க்க. 1904இல் குடந்தை அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர் அவர். கணக்கில் மூழ்கி ஏனைப் பாடங்களைக் கைவிட்டார், ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் தேர்வில் வெற்றி காணவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் திங்கள் முப்பது உருபாவுக்கு எழுத்தரானார். 1914இல் கடல் கடந்தார். 1916இல் இம்மிகுபகு எண் ஆராய்ச்சிக்காகவே கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அவர்க்குப் பட்டம் அளித்தது. 1918இல் அரசர் கழகத்தின் உறுப்பினரானார். 1920 ஏப்பிரல் 26இல், முப்பத்திரண்டாம் அகவையில் சென்னையில் மறைந்தார். பள்ளித் தேர்வு அறியாத அறிவை ஒரு பட்டியலின் ஒரு வரி குறைத்துவிடுமா? 102 எண்களைக் கையாற் கண்டது ஆற்றல். ஒன்று விடுபட்டது மாந்தத்தன்மை. விதியைக் கண்டவர் அவர். அவ்விதியைக் கொண்டே பின்வந்தோர் விடுபட்டதைக் கண்டனர். அவர் கொடுத்த விளக்கே அவர் பட்டியலின் இருண்ட மூலையையும் காட்டியது. இதனினும் சிறந்த புகழ் அறிவுத்துறையில் இல்லை.

நம் முன்னோரைப் பற்றிப் பேசும்பொழுதும் இந்நேர்மை வேண்டும். தமிழில் ஆம்பல், குவளை, வெள்ளம் எனப் பேரெண்களுக்குப் பெயர்கள் இருந்தன. தொல்காப்பியம் அத்தகைய எண்ணுப்பெயர்கள் புணரும் முறையை வகுத்துள்ளது. பரிபாடல் அவற்றை ஆள்கிறது. இது பெருமையே. ஆயின் பேரெண்ணுக்குப் பெயரிடுவது வேறு. அதன் உள்ளமைப்பை அறிவது வேறு. வெள்ளம் என்னும் பெயர் இருந்தமையால் வகுத்திக் கணக்கும் அன்றே இருந்தது என்று மேடையில் முழங்குவது, சான்றில்லாப் பெருமை. சான்றில்லாப் பெருமை பகைவர்க்கு நாமே கொடுக்கும் படைக்கலம்.

உள்ளதை உள்ளவாறு சொன்னாலே பெருமைக்குக் குறைவில்லை. தமிழர் கீழ்வாய்க் கணக்கில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. 320 என்பது 2⁶ × 5, வகுத்திகள் பதினான்கு. அதனால் அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி ஆகிய யாவும் முழு முந்திரிகளாக அமைந்தன: அரை 160, கால் 80, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4. பாதி பாதியாகவும் ஐந்து ஐந்தாகவும் பகுக்க இதனினும் செம்மையான ஏற்பாடு அரிது. முந்திரியை மீண்டும் 320 பங்காக்கிக் கீழ்முந்திரி கண்டனர். அது 102400இல் ஒரு பங்கு. ஆயின் 320இல் மூன்று இல்லை. மூன்றில் ஒரு பங்கை முந்திரியில் முழுமையாகச் சொல்ல இயலாது. முகத்தலளவையிலோ எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கலத்தை மூன்று பங்காக்கினால் நந்நான்கு மரக்கால் குறைவின்றி வரும். ஓர் அளவையின் வலிவையும் மெலிவையும் இவ்வாறு பகா எண் கொண்டு அளந்து காட்டுவதே ஆராய்ச்சி. 1957இல் பதின்மக் காசு வந்தபொழுதும் இதுவே நிகழ்ந்தது. முன்னர் உருபாவுக்கு 192 தம்பிடி. மூன்றில் ஒரு பங்கு 64 தம்பிடி. இன்று 100 காசு. மூன்றில் ஒரு பங்கு முழுமையாக வாராது. எழுத எளிது, பங்கிட அரிது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். இராமானுசன் கற்ற கார் என்பாரின் தொகுப்பு நூலும் ஆங்கிலம்; அவர் எழுதிய கட்டுரைகளும் ஆங்கிலம். அதனை மறைப்பதாற் பயன் இல்லை. அத்தகைய ஒரு நூல் அன்று தமிழில் இல்லாமையே சிந்தனைக்குரியது. ஒரு பழைய தொகுப்பு நூல் கையிற் கிடைத்தமையால் ஒரு குடந்தைச் சிறுவன் உலகறிஞன் ஆனான். ஆங்கிலம் எட்டாத சிற்றூர்ச் சிறுவர்க்குத் தமிழில் அத்தகைய நூல் கிடைத்திருந்தால், இன்னும் எத்தனை பேர் எழுந்திருப்பர்? அக்கணக்கை எவரும் போட இயலாது. இனியேனும் அது கிடைக்கச் செய்வது நம் கையில் உள்ளது.

தமிழ்ச் சொல் கணக்குக்குத் துணை நிற்கும் என்பதற்குப் பகா எண் என்னும் சொல்லே சான்று. ஆங்கிலச் சொல் முதன்மை என்னும் பொருளையே தரும். அதன் இயல்பைச் சொல்லாது. பகா எண் என்றவுடன், பகாதது என்று குழந்தைக்கும் விளங்கும். பெயரே இலக்கணமாக நிற்கும் சொல் அது. தேவலாலிப் பள்ளி ஆசிரியர் தம் மரபிலிருந்து எடுத்த பெயரை உலகக் கணக்கு நூல்கள் இன்று ஆள்கின்றன. அவர் வெறும் பெயரை நீட்டவில்லை. புதிய எண்களைக் கண்டு, அவற்றுக்குப் பெயரிட்டார். பொருள் கண்டவன் பெயரை உலகம் ஏற்கும். பொருள் காணாமற் பெயர் மட்டும் ஆக்கினால் அச்சொல் அகரமுதலியில் உறங்கும். மிகுபகு எண் என்னும் சொல் வாழ வேண்டுமாயின், அது பள்ளிப் பலகையிலும் பட்டறைப் பேச்சிலும் புழங்க வேண்டும்.

ஆதலால் இவ்வவையிலுள்ள மாணவர்க்கு ஒரு வேலை. வீடு சென்று 2இன் ஆறாம் அடுக்கிலிருந்து தொடங்கி, 19 வரை, மேலே காட்டிய பகா எண்களை ஒவ்வொன்றாகக் கையாற் பெருக்குக. பன்னிரண்டு இலக்கமும் சரியாக வருகிறதா என்று பார்க்க. பின் அதனை 23ஆற் பெருக்கி, இராமானுசன் பட்டியலின் கடைசி எண் வருகிறதா என்று பார்க்க. கைக்கருவியில் தட்டினால் நொடியில் விடை வரும். ஆயின் கையாற் பெருக்கும்பொழுதுதான் அந்தப் பட்டியலை இட்டவர் பட்ட பாடு விளங்கும். பெரியார் சொன்னார் என்று ஏற்பதினும், பெருக்கிப் பார்த்து ஏற்பது அவர்க்குச் செய்யும் மேலான வணக்கம். வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக வைத்தார். தமிழ் இயக்கத்தார் எழுத்தாகிய கண்ணை நெடுங்காலமாகக் காத்து வருகின்றனர். மற்றொரு கண்ணையும் திறந்து வைத்தால்தான் தொலைவு தெரியும்.